பக்கத்து சீட்டுக்கு ஒரு பை

என் அத்தை இருபத்திரண்டு வருடமாகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துதான் கார் ஓட்டுகிறாள். ஸ்டியரிங்குக்கு முன்னால் வேறு யாராவது இருப்பார்கள். கல்லூரி முடித்த பெண், பேரன் பிறந்த பிறகு ஆசை வந்த அம்மாள், "எனக்கு எல்லாம் தெரியும்" என்று சொல்லிக்கொண்டே ரிவர்ஸில் பூந்தொட்டியை உடைத்த வக்கீல். சக்கரம் அவர்கள் கையில். அத்தையின் காலடியில் இன்னொரு கிளட்சும் இன்னொரு பிரேக்கும். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் பிரேக் அக்கா.

அவளுடைய டிரைவிங் ஸ்கூல் என்பது ஒரே ஒரு கார். பதினாலு வயசு; அதற்கு முன்னால் இன்னொரு பழைய கார் இருந்தது. கூரையில் ஒரு சிவப்புப் பலகை, கதவில் ஃபோன் நம்பர். வீட்டு முன்னறையில் பாதிதான் ஆபீஸ்: ஒரு மேசை, சாலைக் குறிகள் அச்சடித்த ஒரு படம், இரண்டு நாற்காலி. மறுபாதி மாமாவுடையது. தையல் மெஷின், வெட்டு மேசை, கழுத்தில் எப்போதும் டேப்போடு மாமா. லைசென்ஸ் விஷயமாக வந்தவர்கள் கால்சட்டையை அரை அங்குலம் இறக்கிக்கொண்டு போவார்கள். அளவு கொடுக்க வந்தவர்கள் கிளட்சைப் பாதி விடுவது எப்படி என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அத்தைக்கு உயரம் கம்மி. பிரேக் எட்ட வேண்டும் என்பதற்காக சீட்டை முன்னால் கடைசி வரை இழுத்துவிட்டு, அதிலும் நுனியில்தான் உட்காருவாள். ஒரு கையை டாஷ்போர்டின் மேல் விரித்து வைத்துக்கொள்வாள். கண் ரோட்டிலும், டாஷ்போர்டின் மேல் ஒட்டியிருந்த தலையாட்டி நாய் மேலும் மாறிமாறிப் போகும். பழுப்பு நிற பிளாஸ்டிக் நாய். கழுத்தில் ஸ்பிரிங். பிரேக்கை வெடுக்கென்று மிதித்தால், கிளட்சைச் சட்டென்று விட்டால், நாய் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டும்.

"நாய் ஆமாம் சொன்னா நீ தப்புன்னு அர்த்தம்" என்பதுதான் அவளுடைய முதல் பாடம். நாய் அசையாமல் மார்க்கெட் வரை போய்த் திரும்பினால் தேர்வுக்குத் தேதி வாங்கித் தருவாள். எத்தனையோ பேர் அந்த நாயிடம் கெஞ்சியிருக்கிறார்கள்.

நாலு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு முதுகில் ஒரே பையோடு நான் அவர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றபோது, அத்தை வலது கையில் மாவுக்கட்டோடும் புருவத்தில் பிளாஸ்திரியோடும் கதவைத் திறந்தாள்.

"வந்துட்டியா? எத்தனை நாளு?"

"ரெண்டு வாரம் இருப்பேன் அத்தை. கைக்கு என்ன ஆச்சு?"

"அதை அவ சொல்லுவா, உள்ள வா. நான் சொன்னா சுவாரசியமா இருக்காது."

உள்ளே மாமாவின் வெட்டு மேசை ஓரமாக ஒரு பருமனான அம்மாள் ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தெருக்கோடி பேக்கரிக்காரம்மா. ஒரு வாரத்துக்கு முன்னால் வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தது அவள்தான்.

"நான் ஒழுங்காத்தான் போனேன் கண்ணு. நாயைக் கேட்டுப் பாரு. சந்துலேர்ந்து ஒரு வேன் எதிர்ப்பக்கமா வந்து நேரா எங்க மூஞ்சியில மோதினான். அக்கா பிரேக் போட்டாங்க, அவன் போடல. டமார்னு ஒரு சத்தம். ஸ்டியரிங்லேர்ந்து ஒரு பை வந்து என்னை அணைச்சுக்கிச்சு. கண்ணைத் திறந்தா உடம்பெல்லாம் வெள்ளைப் பவுடர். எனக்கு அது பழக்கம்தானே, கடையில இருக்கோம்னு நெனச்சுட்டேன்."

"உங்களுக்கு ஒண்ணும் ஆகலையா?"

"ஒரு கீறல் இல்ல. அக்காவுக்குத்தான் டாஷ்போர்டுல வெச்சிருந்த கை முறிஞ்சுபோச்சு. நாய் வேற பிச்சுக்கிட்டுப் போய் கண்ணாடியில அடிச்சுத் திரும்பி வந்து புருவத்தைக் கிழிச்சிருச்சு. இருபத்திரண்டு வருஷம் சோறு போட்ட கையை அது பாக்கலையே!"

"மூணு தையல்" என்றார் மாமா, தலையைத் தூக்காமல். "நாலு போட்டிருக்கலாம். இழுத்துப் போட்டிருக்கான்."

அந்த மாடலில் ஓட்டுகிறவர் பக்கம் மட்டும்தான் ஏர்பேக். பக்கத்து சீட்டுக்குக் கிடையாது. வெறும் டாஷ்போர்டுதான். அத்தை வாழ்நாளில் பாதியை அந்த சீட்டில்தான் கழித்திருக்கிறாள் என்பது அதுவரை யாருக்கும் உறைக்கவில்லை. மாமாவுக்கு ஆஸ்பத்திரியில் உறைத்தது. அன்றைக்கே அவர் சொல்லிவிட்டாராம்: அந்தப் பக்கமும் ஒரு பை வந்தால் ஒழிய, அத்தை அந்த சீட்டில் ஏறக்கூடாது.

மாமா அதட்டிப் பேசுகிறவர் இல்லை. அத்தையைக் கேலியாக டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அதனால்தான் அவர் சொன்னது எல்லாருக்கும் பெரிதாகப் பட்டது. அத்தை முதலில் சிரித்தாள், பிறகு கத்தினாள், பிறகு இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். மாமா மூன்றுக்கும் மசியவில்லை. ஸ்கூலுக்கு வேறு ஆளும் கிடையாது, வேறு வண்டியும் கிடையாது. அத்தை ஏறவில்லை என்றால் சிவப்புப் பலகையைக் கழற்றிவிட வேண்டியதுதான்.

"எனக்கு டெஸ்ட்டுக்குத் தேதி வந்திருச்சு" என்று பேக்கரிக்காரம்மா பரிதாபமாகச் சொன்னாள். "அடுத்த மாசம் எட்டாம் தேதி. வேற ஸ்கூலுக்குப் போங்கறாங்க. நான் போக மாட்டேன். எனக்கு அந்த நாய்தான் கணக்கு."

"புது வண்டி வாங்கலாமே அத்தை? ரெண்டு பக்கமும் பையோட வரும்" என்றேன் நான்.

அத்தை என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வண்டி கிளட்ச் எங்க பிடிக்கும்னு எனக்குக் காதுல தெரியும். பக்கத்துல இருக்கறவ தப்பு பண்றதுக்கு முன்னாடியே எனக்குக் கேக்கும். புதுசுல சத்தமே வராது. செவிடாயிட்டு எப்படிச் சொல்லிக்குடுக்கறது?"

கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டார்கள். கவுன்டரில் இருந்த பெண் கணினியைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்த வண்டிக்கு அந்தப் பக்கம் பை கிடையாது, புது வண்டி காட்டட்டுமா என்றாளாம். அத்தை அவளுடைய பேனாவைத் தெரியாமல் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். அந்தப் பயணத்தில் கிடைத்தது அவ்வளவுதான்.

கம்பெனி கைவிட்டது என்று தெரிந்ததும் மாமா ஒரு காரியம் செய்தார். உலகத்தில் வேறு எந்தப் புருஷனுக்கும் அது தோன்றியிருக்காது. விபத்தில் விரிந்து தொங்கிய டிரைவர் பக்கத்துப் பையை வெட்டி எடுத்துக்கொண்டு வந்து, வெட்டு மேசையில் விரித்து, இஸ்திரி போட்டு, மடிப்பு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார். தையலை நகத்தால் நிமிண்டிப் பார்த்தார்.

"யாரு தைச்சதோ, நல்ல கை" என்றார். "ரெட்டைத் தையல். நடுவுல பாரு, அகலம் தாண்டிப் போகாம உள்ளேயே ஒரு பட்டி கொடுத்திருக்கான். எல்லாம் யோசிச்சுப் பண்ணியிருக்கான்."

அடுத்த மூன்று நாள் அவர் யாருடைய துணியையும் தொடவில்லை. காகிதத்தில் வெட்டுப்படம் போட்டார். மழைக்கோட்டுக்கு வாங்கி வைத்திருந்த கனத்த துணியை எடுத்தார். அத்தையைக் கூப்பிட்டு, ஏதோ சட்டைக்கு என்று பொய் சொல்லி, தோளிலிருந்து இடுப்பு வரை அளவு எடுத்தார். நாலாம் நாள் அத்தையின் அளவுக்கென்றே ஒரு ஏர்பேக் தயாராகிவிட்டது. சாம்பல் நிறம். ஓரத்தில் பட்டி வேறு.

நாங்கள் நாலு பேருமாக ஒயர் அண்ணன் கொட்டகைக்குப் போனோம். ஒயர் என்பது கார் எலெக்ட்ரிஷியனுக்குத் தெருவே வைத்த பெயர். ஒல்லியாக, எப்போதும் காதில் ஒரு டெஸ்டரைச் செருகிக்கொண்டிருப்பார். அத்தையின் வண்டி அடிபட்ட மூக்கோடு அவருடைய கொட்டகையில்தான் நின்றது.

மாமா பையை அவர் கையில் கொடுத்தார். "பை ரெடி. காத்து மட்டும் நீ வெச்சுடு."

ஒயர் அண்ணன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிரிக்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

"மாமா, பைங்கறது இதுல கடைசி வேலை. பைக்குப் பின்னால ஒரு டப்பா, டப்பாக்குள்ள மருந்து. வண்டி மோதினது சென்சாருக்குத் தெரியணும். சென்சார் பெட்டிக்குச் சொல்லணும். பெட்டி மருந்தைப் பத்த வைக்கணும். பை கண்ணு மூடித் திறக்கறதுக்குள்ள விரிஞ்சுடணும். டாஷ்போர்டுல அதுக்குன்னு தானா பிளந்துக்கற மூடி வேணும், பின்னால தாங்கறதுக்கு இரும்புச் சட்டம் வேணும். நீங்க தைச்சதை இங்க வெச்சா, மோதும்போது அது மெல்ல அக்கா மடியில வந்து விழுந்து, என்ன ஆச்சு அக்கான்னு கேக்கும்."

பேக்கரிக்காரம்மா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அத்தை போகவில்லை. அவள் பையையும் மாமாவையும் மாறிமாறிப் பார்த்தாள். "சட்டைக்குன்னுதானே அளவெடுத்தீங்க?" என்றாள். குரலில் கோபம் இருக்க வேண்டிய இடத்தில் அது இல்லை.

மாமா ஒயர் அண்ணன் பக்கம் திரும்பினார். "தையல் எப்படி? அதைச் சொல்லு."

"தையல் கம்பெனித் தையலைவிட நல்லா இருக்கு மாமா."

"அது போதும்."

ஒயர் அண்ணன் டெஸ்டரைக் காதிலிருந்து எடுத்து டாஷ்போர்டைத் தட்டினார். "கம்பெனியில கிடையாதுன்னு சொன்னது பாதிதான் சரி. இதே மாடல்ல மேல் ரகம்னு ஒண்ணு வந்துச்சு. அதுல ரெண்டு பக்கமும் பை உண்டு. டாஷ்போர்டு, பின்னால சட்டம், ஒயர், பெட்டி, பெல்ட், ரெண்டு பை, எல்லாம் அப்படியே ஒரே வண்டியிலேர்ந்து வரணும். உங்களுக்கு எப்படியும் வெடிச்ச பையும் பெட்டியும் மாத்தித்தான் ஆகணும். மாத்தறதை அந்த ரகமாவே மாத்திடலாம். ஆனா அங்கொண்ணு இங்கொண்ணுன்னு பொறுக்கிட்டு வந்தா நான் தொட மாட்டேன். சில பேரு மூடியை மட்டும் மாட்டி, எச்சரிக்கை விளக்கு எரியாதபடி ஏமாத்திக் குடுத்துடறாங்க. அந்த வேலை என்கிட்ட கிடையாது."

"கிடைக்குமா?" என்றேன்.

"பின்னால அடி வாங்கின வண்டியாப் பாக்கணும். முன்னால அடி வாங்கியிருந்தா பை வெடிச்சிருக்கும்."

"அப்போ யாராவது பின்னால அடி வாங்கணும்னு நாம காத்துட்டு இருக்கோமா?" என்றாள் அத்தை.

"ஏற்கனவே வாங்கினதுல தேடறேன் அக்கா. என்னை என்னன்னு நெனச்சீங்க?"

தேட ஒன்பது நாள் ஆனது. நான் சொல்லியிருந்த இரண்டு வாரத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விட்டது. தினமும் காலையில் எனக்குக் கால் பரபரக்கும். நாலு வருடத்தில் ஒரு கூரைக்குக் கீழே இவ்வளவு நாள் நான் தங்கியதில்லை. "கால்ல சக்கரம் கட்டிட்டுப் பொறந்தவ, ஒரு வண்டி ஓட்டத் தெரியாது" என்று அத்தை கட்டுப்போட்ட கையை ஆட்டி ஆட்டிச் சொல்வாள். உண்மைதான். லாரியில் போயிருக்கிறேன், படகில் போயிருக்கிறேன், முட்டை ஏற்றிய வேனில் முட்டைகளோடு போயிருக்கிறேன். எல்லாவற்றிலும் பக்கத்து சீட்டு.

பத்தாம் நாள் ஒயர் அண்ணன் ஃபோன் செய்தார். சிக்னலில் நின்றுகொண்டிருந்தபோது லாரி பின்னால் இடித்த கார். பின்பாதி அப்பளம். முன்பாதியில் ஒரு கண்ணாடிகூட விரிசல் விடவில்லை. பாகங்களின் எண்களைச் சரிபார்த்துவிட்டாராம்.

வேலை இரண்டு நாள் நடந்தது. நான் பக்கத்திலேயே ஒரு டயர் மேல் உட்கார்ந்து பார்த்தேன். முதல் காரியமாக பேட்டரியைக் கழற்றினார். கழற்றிவிட்டு ஒரு ஸ்டூலில் போய் உட்கார்ந்து டீ குடித்தார்.

"ஆரம்பிக்கலையா அண்ணே?"

"ஆரம்பிச்சாச்சு. இதுதான் முதல் வேலை. மிச்ச கரண்ட் வடியற வரைக்கும் கால் மணி நேரம் சும்மா இருக்கணும். எத்தனை பேரால முடியும் சொல்லு?"

எனக்குச் சொன்னது போல இருந்தது. நான் டயரில் அசையாமல் உட்கார்ந்தேன்.

பழைய டாஷ்போர்டு முழுதும் வெளியே வந்தது. அடியில் இருந்து பதினாலு வருடத்துச் சாமான்கள் கிடைத்தன: இரண்டு தோடு, ஒரு தூக்க மாத்திரை அட்டை, "நான் பாஸ்!" என்று யாரோ எழுதிய துண்டுக் காகிதம். புதுச் சட்டத்தைப் பொருத்தினார். மஞ்சள் முனை வைத்த ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்தார். கடைசியில் பை இருந்த பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி, மூடிப்பக்கம் தன் முகத்தைப் பார்க்காமல் வெளியே பார்க்கும்படி நடந்து வந்தார். கைக்குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிறவரைப் போல இருந்தது.

மாமா பக்கத்தில் வந்து குனிந்தார். "உள்ள மடிப்பு எப்படி மடிச்சிருக்கான்னு ஒரு தடவை..."

"மாமா, தள்ளிப் போங்க."

பேட்டரியை மாட்டி, சாவியைத் திருப்பினார். மீட்டரில் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு எரிந்தது. நாங்கள் எல்லாரும் அதையே பார்த்தோம். ஐந்தாறு நொடி. அணைந்தது. பேக்கரிக்காரம்மா கைதட்டினாள்.

"இது வேலை செய்யும்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"விளக்கு அணைஞ்சா, பெட்டி எல்லாரையும் கூப்பிட்டு ஆஜர் எடுத்துட்டுது, ஒருத்தரும் லீவு இல்லைன்னு அர்த்தம். மத்தது தெரியவே கூடாது. நல்லா பண்ணினேனான்னு கடைசி வரைக்கும் எனக்குத் தெரியக்கூடாதுன்னு நான் வேண்டிக்கற வேலை இது ஒண்ணுதான்."

அத்தைக்கு அதற்குள் மாவுக்கட்டு பிரித்தாகிவிட்டது. அவள் கதவைத் திறந்து தன் சீட்டில் ஏறி, வழக்கப்படி சீட்டை முன்னால் இழுத்து, நுனியில் உட்கார்ந்து, கையை டாஷ்போர்டில் விரித்தாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவள் முகம் அவளுடைய முகம் போல இருந்தது.

ஒயர் அண்ணன் அவளைப் பார்த்தார். முகம் தொங்கிவிட்டது. "அக்கா, இப்படியா உக்காருவீங்க?"

"பின்ன? தொட்டில்லயா உக்காருவாங்க?"

"இது தலையணை இல்ல அக்கா. அடி மாதிரி வரும். நெஞ்சுக்கும் டாஷ்போர்டுக்கும் நடுவுல பத்தங்குலமாவது இருக்கணும். கிட்ட இருந்தா பையே முகத்தை உடைக்கும். மூடி மேல கை வெச்சிருந்தீங்கன்னா அந்தக் கை போனதுதான்."

மாமா கழுத்திலிருந்து டேப்பை எடுத்து ஜன்னல் வழியாகக் கையை நீட்டி அளந்தார்.

"ஆறே கால்."

சீட்டைப் பின்னால் தள்ளினார்கள். அத்தை சாய்ந்து உட்கார்ந்தாள். மாமா அளந்தார். பதினொண்ணு. ஆனால் அத்தையின் கால் பிரேக்குக்கு நாலங்குலம் முன்னாலேயே காற்றில் நின்றது. அவள் கால் விரலை நீட்டிப் பார்த்தாள். பிறகு நகர்ந்து நகர்ந்து நுனிக்கு வந்தாள். கால் எட்டியது. மாமா அளக்கவே இல்லை.

பை வேண்டுமென்றால் பிரேக் எட்டாது. பிரேக் எட்டினால் பை ஆகாது. அத்தை இறங்கிக் கதவைச் சாத்தினாள். கூரைக்கு மேலே சிவப்புப் பலகையில் படிந்திருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். கழற்றுவதற்கு முன்னால் துடைக்கிறாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. கொட்டகையில் சிரிப்பு நின்றுபோனது அந்த ஒரு தடவைதான்.

"அக்கா" என்றார் ஒயர் அண்ணன், தரையில் படுத்து உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டே. "இந்த ரெண்டாவது பெடல் கம்பெனி பெடல் இல்லையே? ஸ்கூல் வண்டிக்குன்னு நீங்க மாட்டினதுதானே? அப்போ பெடல் கம்பியை நாலங்குலம் நீட்டினா கம்பெனிக்கு என்ன வலிக்குது?"

பெடல் செய்து கொடுத்த பட்டறைக்குப் போனோம். அவர்கள் ஊனமுற்றவர்களுக்கு வண்டி மாற்றிக் கொடுக்கிறவர்கள். "இதை ஏன் முன்னாடியே கேக்கல?" என்றார்கள். இருபத்திரண்டு வருடமாக அவள் தன்னைத்தான் நீட்டிக்கொண்டிருந்தாள். பெடலை நீட்டலாம் என்று தோன்றவே இல்லை.

பெடல் வந்தது. சீட்டு பின்னால் போனது. வாகன ஆய்வாளர் ஒயர் அண்ணன் எழுதிக் கொடுத்த விவரத்தைப் படித்து, வண்டியைச் சுற்றி வந்து, கையெழுத்துப் போட்டார். எட்டாம் தேதிக்கு இன்னும் ஐந்து நாள். அத்தை வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாள்.

"இரு டீச்சர்" என்றார் மாமா. "உனக்கும் ஒரு டெஸ்ட் இருக்கு."

"எனக்கா?"

"இருபத்திரண்டு வருஷப் பழக்கம். உக்காரும்போது சாஞ்சு உக்காருவ. ரோட்டுல ஒரு சைக்கிள் குறுக்க வந்தா முன்னால வந்துடுவ. எனக்கு வாய்வார்த்தை வேண்டாம்." அவர் தையல் சுண்ணாம்பை எடுத்தார். அத்தை பெல்ட்டைப் போட்டுச் சாய்ந்த பிறகு, பெல்ட்டில், அது கதவோரத் தூணிலிருந்து வெளியே வரும் இடத்துக்குச் சற்று உள்பக்கமாக ஒரு வெள்ளைக் கோடு போட்டார். அத்தை சாய்ந்திருக்கும் வரை கோடு உள்ளே மறைந்திருக்கும். முன்னால் சாய்ந்தால் பெல்ட் இழுபட்டுக் கோடு வெளியே வந்துவிடும். "நான் பின் சீட்டுல இருப்பேன். மார்க்கெட் வரைக்கும் போய்த் திரும்பறதுக்குள்ள கோடு ஒரு தடவைகூட வெளிய வரக்கூடாது."

"யாரு ஓட்டறது?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். லேர்னர் லைசென்ஸ் எனக்கு அந்த வாரம்தான் வந்திருந்தது. அத்தை சும்மா இருக்கும் கையால் விண்ணப்பம் நிரப்பிப் போட்டிருந்தாள்.

அந்த முதல் நாளைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. நான் ஓட்டினேன் என்று சொல்வது காருக்கு அவமானம். மூன்று முறை இன்ஜினை அணைத்துவிட்டேன். ஒரு காய்கறி வண்டிக்காரர் என்னைப் பார்த்துத் தன் வண்டியையே நடைபாதையில் ஏற்றிக்கொண்டார். பின்னாலிருந்து மாமாவின் குரல் நிதானமாக வந்தது.

"ஒண்ணு."

"அது குழிங்க!"

"ரெண்டு. டீச்சர், கை."

"கையை எங்கதான் வெச்சுக்கறது? மடியில வெச்சுட்டு உக்கார நான் என்ன போட்டோவுக்கா வந்திருக்கேன்?"

"மூணு."

வீட்டுக்கு வரும்போது பதினொன்று. அத்தை இறங்கி நேராக மேசைக்குப் போய் உட்கார்ந்தாள். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ரோடு எனக்குத் தெரியுது" என்றாள். "சாஞ்சாலும் தெரியுது. காலும் எட்டுது. ஆனா நீ என்ன பண்றேன்னு தெரிய மாட்டேங்குது. நாய் இருந்த இடத்தைத் தேடிக் கண்ணு போகுது, கண்ணு பின்னாடி உடம்பு போகுது."

நாய் அலமாரியின் மேல் இருந்தது. மூடியின் மேல் எதையும் வைக்கக்கூடாது என்று ஒயர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். புருவத்தைக் கிழித்த குற்றவாளி வேறு. நான் எடுத்துப் பார்த்தேன். காது ஒன்று உடைந்திருந்தது. கழுத்து மட்டும் பழையபடி ஆடியது.

"பின்னால வெச்சா என்ன அத்தை? பின் கண்ணாடிக்குக் கீழ, அந்தத் தட்டுல?"

"பின்னால வெச்சா யாரு திரும்பித் திரும்பிப் பாக்கறது? கழுத்து என்ன ஆந்தைக் கழுத்தா..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். எழுந்து வண்டிக்குப் போனாள். சொல்லிக்கொடுக்கிறவர்களுக்கென்று முன் கண்ணாடியில் தனியாக ஒரு சின்னக் கண்ணாடி ஒட்டியிருக்கும், பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பதற்கு. அவள் சீட்டில் முதுகை அழுத்தி உட்கார்ந்து, அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினாள்.

"நாயைக் கொண்டு போய் வை. இன்னும் ஓரம். இன்னும். நில்லு." பின்னால் வரும் வண்டியும் தெரிய வேண்டும், நாயும் மூலையில் தெரிய வேண்டும். பிறகு அவள் இரண்டு அங்குலம் முன்னால் வந்தாள். "போயிடுச்சு." சாய்ந்தாள். "வந்துடுச்சு." முன்னால் வந்தாள், சாய்ந்தாள், முன்னால் வந்தாள், சாய்ந்தாள். அவளே ஒரு தலையாட்டி நாய் போல ஆடிக்கொண்டிருந்தாள். வாயெல்லாம் பல்.

நாய் மறுபடி பறந்துவிடக்கூடாதே. மாமா அதன் அடியில் துளை போட்டு, கனத்த நூலால் பின் தட்டோடு சேர்த்துத் தைத்தார். நாலு பக்கமும், இரட்டையாக.

"இது நல்ல கை" என்றாள் அத்தை.

மறுநாள் காலை மறுபடி மார்க்கெட். மாமா புதிதாகக் கோடு போட்டுவிட்டுப் பின்னால் ஏறினார். நான் வண்டியை எடுத்தேன். எடுத்த வேகத்தில் நாய் ஆமாம் என்றது.

"தப்பு" என்றாள் அத்தை, சாய்ந்த இடத்திலிருந்து. "மெதுவா விடு."

மாமா எண்ணவில்லை. பேக்கரி தாண்டியது. பேக்கரிக்காரம்மா வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டினாள். நான் பதிலுக்குக் கை தூக்கப் போனேன். "ஸ்டியரிங்லேர்ந்து கையை எடுத்தா ஒடிச்சுடுவேன்" என்றாள் அத்தை. சிக்னல், வளைவு, மேடு. பின் சீட்டில் மூச்சு விடும் சத்தம் மட்டும்.

திரும்பும் வழியில், பள்ளிச் சுவர் ஓரமாக, ஒரு பந்து உருண்டு ரோட்டுக்கு வந்தது. பின்னாலேயே ஒரு குழந்தை. என் கால் எங்கே போக வேண்டும் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதே வண்டி நின்றுவிட்டது. அத்தையின் பிரேக். குழந்தை பந்தை எடுத்துக்கொண்டு எங்களை ஒரு முறை முறைத்துவிட்டுத் திரும்பிப் போனது.

நான் அத்தையைப் பார்த்தேன். முதுகு சீட்டில் ஒட்டியிருந்தது. இரண்டு கையும் மடியில். கண் மட்டும் சின்னக் கண்ணாடியில், நாய் ஆடி ஓய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

பிறகு அத்தை கேட்டாள், திரும்பாமல்: "என்னங்க, கோடு?"

மாமா குனிந்து பார்த்தார். நிமிர நேரம் ஆனது.

"கோடா?" என்றார். "எந்தக் கோடு? எனக்கு ஒண்ணும் தெரியல டீச்சர்."

வீட்டு வாசலில் பேக்கரிக்காரம்மா ஏற்கனவே வந்து நின்றுகொண்டிருந்தாள். கடையை யாரிடம் விட்டுவிட்டு வந்தாளோ. நான் இறங்கினேன், அவள் ஏறினாள். மாமா வெளியே நின்று அத்தையின் பெல்ட்டைக் கொஞ்சம் இழுத்து, கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்து அழித்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, சுண்ணாம்பை எடுத்து அதே இடத்தில் மறுபடி ஒன்று போட்டார்.

"சந்தேகமா?" என்றாள் அத்தை.

"பழக்கம்" என்றார் மாமா.

கார் கிளம்பியது. பின் கண்ணாடி வழியாக நாய் எங்களைப் பார்த்துத் தலையாட்டவே இல்லை. பேக்கரிக்காரம்மா எட்டாம் தேதி முதல் தடவையிலேயே பாஸானாள். மாமா தான் தைத்த சாம்பல் நிற ஏர்பேக்குக்கு இரண்டு தோள்வார் வைத்து, பயணப் பையாக்கி என்னிடம் கொடுத்திருக்கிறார். மழையில் ஒரு சொட்டு உள்ளே போகாது. அது இன்னும் காலியாகத்தான் ஆணியில் தொங்குகிறது. நான் சொன்ன இரண்டு வாரம் முடிந்து ஏழு வாரம் ஆகிறது. நான் ஓட்டினால் நாய் இன்னும் மார்க்கெட் வரைக்கும் ஆடாமல் வரவில்லை.